உரசல் வேறு, இடிப்பது வேறு

சனிக்கிழமை ராத்திரி மண் தடத்தில் நடந்த கார்ட் பந்தயத்தில், அதாவது சின்னத் திறந்த வண்டிகளின் பந்தயத்தில், கடைசிச் சுற்றில் ஒருவர் என் வண்டியைப் பின்னாலிருந்து இடித்துச் சுழற்றிய வீடியோவைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். என் மகள் வேலி ஓரத்தில் நின்று எடுத்தது. பகிர்ந்தது நான்தான். அதன் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகு இரண்டு நாளாக எனக்கு எந்த வேலையிலும் மனசு நிற்கவில்லை. "மண்ணுல ஓட்டினா இடிபடத்தான் செய்யும் தம்பி." "பம்பர் கார்ல போய் நியாயம் கேக்கறீங்களே." அப்புறம் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். நான் தோற்றதற்காக இதை எழுதவில்லை. இரண்டாவதாக வந்து கொண்டிருந்தவன் ஒன்பதாவதாக முடித்தேன், அது போகட்டும், நான் இதற்கு முன்னால் பதினைந்தாவதாகக்கூட முடித்திருக்கிறேன். உரசல் வேறு, இடிப்பது வேறு. இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வீடியோவை மறுபடி போடுங்கள். இந்த முறை பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். நாங்கள் ஓட்டுவது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் எல்ஓ 206. ஒரே சிலிண்டர், 204 சிசி, ஆலையிலேயே சீல் வைத்து வரும் இஞ்சின். உள்ளே யாரும் கை வைக்க முடியாது. எல்லோருடைய இஞ்சினும் நிமிடத்துக்கு 6,100 சுற்றுக்கு மேல் ஏறாது. அதனால் எல்லா வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே குரல்தான். மூன்றாவது திருப்பத்துக்குள் நுழையும்போது முதல் வண்டியின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி ஏறும். அடுத்து என் வண்டி, அதுவும் தாழும். மூன்றாவதாக வருகிற வண்டியின் சத்தம் தாழவே தாழாது. ஒரே சீராக வந்து என் இடது பின் சக்கரத்தில் முடியும். கடைசிச் சுற்று, கடைசிக்கு முந்தைய திருப்பம். அந்த மனிதர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. நிற்கவோ திரும்பவோ அவர் நினைத்திருந்தால் அந்தச் சத்தம் குறைந்திருக்க வேண்டும்.

காலை எடுக்காமலேயே சிலர் அந்தத் திருப்பத்தை எடுப்பார்களே என்று கேட்கலாம். எடுக்கலாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு. இங்கே அமெரிக்காவில், கரோலினாவின் சிவப்புக் களிமண் எங்கள் ஊர்ச் செம்மண்ணைவிடப் பிசுபிசுப்பானது. தண்ணீர் லாரி சுற்றி வந்து நனைத்து, அதன் மேல் வண்டிகளை மெதுவாக ஓட விட்டு இறுக்கிய பிறகு, அந்த மண் டயரைப் பிடித்துக் கொள்ளும். முதல் ஹீட்டில், அதாவது ஆரம்பக் குட்டிப் பந்தயத்தில், நானே ஆக்சிலரேட்டரை விடாமல் நான்கு திருப்பத்தையும் எடுத்தேன். ஆனால் ஃபீச்சர் என்கிற முக்கியப் பந்தயம் நடக்கும்போது ராத்திரி மணி பத்து. நூறு வண்டி ஓடி முடித்த தடம். நடுவில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கும், அதில் மட்டும்தான் பிடி. அதற்கு வெளியே காலடியில் உருளும் பொடி மண். அந்த நேரத்தில் மூன்றாவது திருப்பத்துக்குள் காலை எடுக்காமல் நுழைகிறவருக்கு, தன்னால் நிற்க முடியாது என்று தெரியும். நிறுத்த என் வண்டி இருக்கிறது என்றும் தெரியும்.

ஓட்டிப் பார்க்காதவர்களுக்காக இன்னொன்று. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, இரண்டு பின் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே ஆக்சிலில் இறுகி ஒன்றாகச் சுற்றும். இடது பக்கமே திரும்பிக் கொண்டிருப்பதால் வலது பின் டயரைச் சுற்றளவில் பெரிதாகப் போடுகிறோம். நேரே விட்டால்கூட வண்டி தானாக இடது பக்கம் வளைய ஆசைப்படும். திருப்பத்தில் பின்பக்கம் எப்போதும் லேசாக வழுக்கிக் கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் இடது பின் சக்கரத்தில் ஒரு தட்டு விழுந்தால் வண்டி அப்படியே பம்பரமாகச் சுழலும். இன்னொரு விஷயம், எங்களுக்கு பெல்ட் கிடையாது. கூண்டு வைத்த வண்டிகளில் உண்டு, எங்கள் தட்டை வண்டியில் இல்லை. தலையில் ஹெல்மெட், கழுத்தில் ஒரு வளையம், விலாவுக்கு ஒரு கவசம், அவ்வளவுதான். ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தின் மேல் ஏறினால் மேலே உள்ளவர் எங்கே போய் விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தடத்துக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் பார்த்து நின்றபோது என் முகத்தை நோக்கி ஆறு வண்டிகள் வந்தன. ஐந்து விலகின. ஒன்று என் வலது முன் சக்கரத்தில் ஏறி இறங்கியது. இதற்குத்தான் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள்.

"உரசல்தான் பந்தயம்" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இருபது வண்டி ஒரு மைலில் ஆறில் ஒரு பங்கு நீளத் தடத்தில் ஓடினால் உரசாமல் இருக்காது. அந்த ராத்திரியே ஏழாவது சுற்றில் ஒருவர் என் பக்கவாட்டுப் பலகையை முழு நீளத்துக்குத் தேய்த்துக் கொண்டு போனார். முடிந்ததும் இரண்டு பேரும் கை குலுக்கினோம். ஏனென்றால் அவர் திருப்பம் வருவதற்கு முன்பே என் இடுப்புக்கு இணையாக வந்து விட்டார். அப்படி வந்தால் உள்பக்கம் அவருடையது, நான் இடம் விட வேண்டும். இதை யாரும் எழுதி வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, முதல் வாரமே புரிந்து விடும். கடைசிச் சுற்றில் வந்தவருடைய மூக்கு என் பின் சக்கரத்தைக்கூடத் தாண்டவில்லை. அவர் என்னை முந்த முயற்சி செய்யவில்லை, என்னை அகற்றினார். உரசல் வேறு, இடிப்பது வேறு.

நடுவர் "பந்தயத்தில் நடக்கிறதுதான்" என்று சொல்லி விட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து மூன்றாவது திருப்பம் சரியாகத் தெரியாது என்பது என் எண்ணம். மேற்கொண்டு அவரைப் பற்றிப் பேசப் போவதில்லை.

பம்பர் கார், பொம்மைக் கார் என்றவர்களுக்கு. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்துக்கான இஞ்சினை ஒரு குழாய்ச் சட்டத்தில் வைத்துச் செய்ததுதான் முதல் கார்ட். அவர் இண்டியானாபொலிஸ் பந்தயக் கார்கள் செய்த பட்டறையில் வேலை செய்தவர், விளையாட்டுச் சாமான் செய்தவர் இல்லை. நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார்ப் பந்தயத்தின் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட் கார்ட்டில் வளர்ந்தவர். அதே பட்டம் வென்ற கைல் லார்சன் வடக்கு கலிபோர்னியாவின் மண் தடங்களில் கார்ட் ஓட்டித்தான் மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் நாஸ்கார் பார்க்கும்போது "என்னமா ஓட்டறான்" என்கிறீர்களே, அந்தக் கை எந்த மண்ணில் பழகியது என்று நினைக்கிறீர்கள்?

எனக்கு இந்தப் பைத்தியம் அமெரிக்கா வந்த பிறகு பிடித்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் ஊர் செங்குன்றம். அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். பக்கத்திலேயே சோழவரம், போர்க்கால விமான ஓடுதளம். பந்தயங்கள் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போவதற்கு முன்னால் அங்கேதான் நடந்தன. சைக்கிள் முன் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து அழைத்துப் போவார். எந்தக் கார் ஜெயித்தது என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. திருப்பத்தில் இரண்டு கார்கள் ஒட்டினாற்போல் நுழைந்ததும், இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் வெளிச்சம் தெரிந்ததும் ஞாபகம் இருக்கிறது. அப்பா என் தோளை அமுக்கி, "பாத்தியா, எடம் விட்டுட்டுப் போறான்" என்றார். அவர் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை. அவருக்கு அது தெரிந்தது. இத்தனை வருடம் கார் ஓட்டுகிற உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

"போன வருஷம் நீயும் ஒருத்தரைச் சுத்தி விட்டியே" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆமாம், விட்டேன். பிரேக் பெடல் முழுதும் உள்ளே போய் விட்டது, பிடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைப்பது நியாயமே இல்லை. நான் அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் கூடாரத்துக்குப் போனேன். அவருடைய செயின் மூடியை நிமிர்த்திக் கொடுத்து விட்டுத்தான் என் இடத்துக்கு வந்தேன். சனிக்கிழமை ராத்திரி என் கூடாரத்துக்கு யாரும் வரவில்லை. பதினொன்றரை வரை பார்த்தேன்.

வந்தது பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர். எழுபது வயதிருக்கும், பேரனுக்காக வருகிறவர். நான் கேட்கவே இல்லை. என் வலது முன் சக்கரத்தை மாட்டும் அச்சு, ஸ்பிண்டில், வளைந்திருப்பதை டார்ச் அடித்துப் பார்த்து விட்டு, தன் வேனிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் மகள் கையில் கொடுத்தார். அவளுக்குப் பதினான்கு வயது. வண்டிகளைத் தயார் செய்கிற பிட்டில் எனக்கு எல்லாம் அவள்தான். நான்கு எடைத் தட்டுகளிலும் சக்கரத்தை ஏற்றி, இடது பக்கம் எவ்வளவு, குறுக்கு மூலைச் சக்கரங்களில் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவாள். ஒரு மணி வரை உட்கார்ந்து நாங்கள் மாட்டினோம். அவள் விரல் இடுக்கிலெல்லாம் கிரீஸ். அந்த நேரத்தில்தான் உங்கள் கருத்துகள் ஒவ்வொன்றாக வந்து என் போன் ஒளிர்ந்து கொண்டிருந்தது.

ஒன்று கேட்கிறேன். ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். தடம் உங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். பொங்கல் விழாவுக்கு அதைவிட தூரம் நான் நாற்காலி ஏற்றிக் கொண்டு வந்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, உங்களில் ஒருவராவது வந்து அந்த வேலி ஓரம் நின்றீர்களா? வரவில்லை என்று இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. வராமல் இருந்ததை எல்லாம் பொறுத்துக் கொண்டேன். பார்க்காமலேயே சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் பந்தயம் இருந்தது. ஃபீச்சரில், என்னை இடித்தவர் எனக்கு நேர் முன்னால். கடைசி மூன்று சுற்று. வண்டி கொஞ்சம் வலது பக்கம் இழுத்தாலும் எனக்கு வேகம் இருந்தது. கடைசிச் சுற்றில் அதே மூன்றாவது திருப்பத்தில் அவர் பொடி மண்ணில் சக்கரத்தை விட்டு வெளிப்பக்கம் விலகிப் போனார். அவருடைய இடது பின் சக்கரம் என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. நான் காலை எடுத்தேன். அவர் நான்காவது, நான் ஐந்தாவது.

திரும்பி வரும்போது மகள் வெகுநேரம் பேசவில்லை. மூர்ஸ்வில் ஊரைத் தாண்டியதும், "நீங்க ஏன் அவரை இடிக்கல?" என்றாள். அது தப்பும்மா என்றேன். "இல்லையே, அதுதான் ரேஸ்னு எல்லாரும் எழுதியிருக்காங்களே" என்றாள்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி இருந்த காலத்தில் ஒரு வாரம்கூட விடாமல் நான்தான் அழைத்துப் போனேன். நீங்கள் எழுதியதை எல்லாம் அவள் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள், மாமா போட்டது, அத்தை போட்டது என்று பேர் சொல்லிச் சொன்னாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? என் அப்பா ஒரு முழ வெளிச்சத்தைக் காட்டினார். அவளுக்கு நீங்கள் எதைக் காட்டியிருக்கிறீர்கள்?

வீடியோவை எடுக்கப் போவதில்லை. கருத்துகளையும் அழிக்கப் போவதில்லை. பெரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஸ்பிண்டில் வியாழக்கிழமை வருகிறது. சனிக்கிழமை நான்கு மணிக்கு பிட் கேட் திறக்கும். மூன்றாவது திருப்பத்து வேலி ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறது.