உடைந்தால் மட்டும் டிங்கரா?

ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸில் (நேர்கோட்டில் ஓடும் கார் பந்தயம்) அந்த மாருதி எஸ்டீம் காரின் பாடி உடைந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். திரும்பச் சொல்லப் போவதில்லை. என் எரிச்சலெல்லாம் உரிமையாளர் எழுதிய ஒரே வரி மேல்தான்: "டிங்கர் வேலை சரியில்லை." டிங்கர் என்றால் காரின் தகரத்தை வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்துச் சரிசெய்பவர்.

அப்படியா? டிங்கருக்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள்? இரண்டு. இன்ஜினுக்கு? நாலு மாதம்.

எத்தனை தடவை சொல்வது, முதலில் பாடி, அப்புறம்தான் பவர். இந்த வண்டிகளுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, தகரம்தான் எலும்பு. அதையும் கம்பெனியில் புள்ளி புள்ளியாகத்தான் வெல்டிங் வைத்திருப்பார்கள். டிராக் ரேஸின் 402 மீட்டர் (கால் மைல்) ஓட்டத்தில் கிளட்சை விட்டதும் வருகிற முறுக்கு அந்தப் புள்ளிகளைத்தான் பிடித்து இழுக்கும். ஆகவே இணைப்புகளில் பூசியிருக்கும் சீலரைச் சுரண்டி, துருவை வெட்டி, புதுத் தகரம் வைத்து, ஓர் அங்குலம் வெல்டிங், ஓர் அங்குலம் இடைவெளி என்று தையல் போட வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் சூட்டில் தகரம் கோணும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாறி மாறித்தான். இரண்டு நாள் வேலையா இது?

"கேஜ் போட்டிருந்தோமே!" போட்டீர்கள், ஓட்டுநரைக் காப்பாற்ற உள்ளே வைக்கும் அந்தக் குழாய்க் கூண்டை, சிவப்பு பெயின்ட் அடித்து. துருப்பிடித்த தரையில் கேஜின் காலை நிறுத்தினால், அடி விழும்போது அந்தக் கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே போகும்.

"எடை கூடுமே?" கொஞ்சம் கூடும், சரி. பின்சீட்டைக் கழற்றுங்கள். "அந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே" என்பவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மாமா பெங்களூரு சிவாஜி நகரில் முப்பது வருஷம் டிங்கர். விரலால் தட்டியே எது தகரம், எது பட்டி என்று சொல்லிவிடுவார். என் மாருதி 800-க்குப் பெரிய கார்புரேட்டர் தேடி நான் ஜே.சி. ரோட்டில் அலைந்த நாளில், வண்டியின் தரையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. "வேகமா போறது இருக்கட்டும் மாப்ளே, முதல்ல காலை எங்க வைப்பே?" என்றார்.

அவர் தையல் போட்ட வண்டிகள் கோப்பை வாங்கியிருக்கின்றன. கண்ணாடியில் இன்ஜினைத் தயார் செய்த ட்யூனர் பேர் இருக்கும், டயர்க்காரர் பேர் இருக்கும். மாமா பேர் ஒன்றிலும் இருந்ததில்லை. அவரும் கேட்டதில்லை. உடைந்தால் மட்டும் டிங்கர் ஞாபகம் வந்துவிடுகிறது!

நான் உணர்ச்சிவசப்படுகிறேனாம். இருக்கட்டும். அந்த எஸ்டீமின் கார்பெட்டைத் தூக்கி, கேஜ் கால் நிற்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். தரை நன்றாக இருந்தால் இந்தப் பதிவை நானே நீக்கிவிடுகிறேன்.