கிளெமென்டேவுக்கு இரக்கப்பட்டா இடம் கொடுத்தார்கள்?

"விமான விபத்தில் இறந்த பரிதாபத்தில்தான் பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேவை, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு.

ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டு கழித்தே தேர்வாகலாம் என்ற விதியை 1973-இல் அவருக்காகத் தளர்த்தியது உண்மை. ஆனால் வாக்கெடுப்பு நடந்தது. 75 சதவீதம் வேண்டிய இடத்தில், 424 வாக்குகளில் 393 அவருக்கே. சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டியவை), 12 கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது), நான்கு முறை பேட்டிங் பட்டம் (லீகிலேயே உயர்ந்த பேட்டிங் சராசரிக்கு). எல்லாம் களத்தில் சம்பாதித்தவை. நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும்போதுதான் அந்த மனிதர் இறந்தார்.

அப்புறம், ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் லத்தீன் அமெரிக்க வீரரான அவரது பெயரையே அங்குள்ள நினைவுப் பலகையில் மாற்றிப் பொறித்தார்கள்: 'ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே'. வாக்கர் என்பது அம்மா வழிப் பெயர். போர்ட்டோ ரிக்கோ வழக்கப்படி கடைசியில் வர வேண்டும். 2000-இல்தான் திருத்தினார்கள்.