எல்லா 'பாலி'யும் ஊர் இல்லை

அயர்லாந்தில் 'பாலி' என்று தொடங்கும் பெயரெல்லாம் 'பைலே', அதாவது ஊர் என்ற சொல்லிலிருந்து வந்தவை என்கிறீர்கள். பாதிதான் சரி. பாலிமீனா 'நடு ஊர்', ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேயோ மாவட்டத்து பாலினாவும் டொனகால் பாலிஷானனும் அப்படியில்லை, அவற்றின் ஐரிஷ் வடிவம் 'பேல் ஆஹா' அல்லது 'பேல் அன் ஆஹா' என்று வரும், பொருள் ஆற்றைக் கடக்கும் துறையின் வாய். ஆங்கில எழுத்தில் விழுந்ததும் இரண்டும் ஒரே முகம் போட்டுக்கொண்டன, அவ்வளவுதான்.

அப்புறம், அயர்லாந்துக்கு வரைபடம் போட்ட சர்வேக்காரர்கள் ஊர்ப்பெயர்களை வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டுப் போனார்கள் என்று நீங்கள் சொல்வதும் அநியாயம். 1830இல் நில அளவைத் துறையில் சேர்ந்த ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓடோனவன் ஊர் ஊராகப் போய் ஐரிஷ் பேசும் பெரியவர்களிடம் உச்சரிப்பைக் கேட்டு எழுதினார். ஊர்ப்பெயர்களைப் பதிந்துவைத்த அந்தத் துறையின் பெயரேடுகளில் பழைய ஆவணங்களின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வரைபடத்துக்குப் போனது என்னவோ ஆங்கிலப்படுத்திய வடிவம்தான், அதற்காக நீங்கள் கோபப்பட்டால் அது நியாயம்.