ஜெராக்ஸ் பேப்பருக்கு எதுக்கு நம்பர்?

எங்கள் நூலகத்துப் பட்டியல் விஷயமாகச் சுற்றி வந்த அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாசகர் வட்டக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. யார் யார் சிரிப்பு எமோஜி போட்டார்கள் என்று நானும் பார்த்தாயிற்று.

நான் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்த கையெழுத்துப் பத்திரிகைகள், ஜெராக்ஸ் இதழ்கள், இப்போதைய பிள்ளைகள் 'ஜைன்' (zine, தாங்களே எழுதிப் பிரதி எடுக்கும் குட்டி இதழ்) என்று மடித்துக்கொண்டு வருகிறார்களே அவை, மொத்தத்தையும் ஒரே வரியில் சுருட்டி 'இதர துண்டுப் பிரசுரங்கள், 1 பெட்டி' என்று கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். வந்த பதிலைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

நூலகத்தில் 'இதர' என்று போட்டால் அது இல்லை என்று அர்த்தம். பெட்டி அலமாரியில் இருக்கும், பூட்டு இருக்கும், சாவி என்னிடம் இருக்கும். தேடி வருகிறவருக்கு மட்டும் கிடைக்காது.

அந்தப் பெட்டியில் உள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயனில் இருக்கும் பெண் செய்தது. ஏ4 தாளை இரண்டாக மடித்து, பால்பாயின்ட் பேனாவில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்தது. அவள் பாட்டி இலங்கையில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் மலைக்கு வந்த கதை. முகாமில் கொடுத்த அலுமினியத் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறதாம். அதைத் தாள்மேல் கவிழ்த்து, சுற்றிக் கோடு இழுத்திருக்கிறாள். தாள் சின்னது, தட்டு பெரிது. இரண்டு பக்கமும் கோடு வெளியே ஓடிவிடுகிறது. நடுவில் பாட்டி சொன்னது.

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். இரண்டு அரசாங்கமும் தலைகளை எண்ணின. அந்தத் தலைகளில் ஒன்று என்ன நினைத்தது என்பதற்கு எங்கள் நூலகத்தில் இருப்பது இந்த ஜெராக்ஸ் பேப்பர்தான்.

இதற்கு முன்னால் ஒரு புண்ணியவான் இதற்கு 633.72 கொடுத்திருந்தார். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூயி பகுப்பில் அது தேயிலைச் சாகுபடி. கவாத்து வெட்டுவது எப்படி, உரம் போடுவது எப்படி என்ற புத்தகங்களுக்கு நடுவே அந்தப் பாட்டி! நான் அதை மாற்றி, 'தாயகம் திரும்பியோர் – நீலகிரி', 'தோட்டத் தொழிலாளர் – பெண்கள்', 'மலையகத் தமிழர்' என்று தேடுகிறவருக்கு உதவும் மூன்று பொருள் தலைப்பு கொடுத்து, செய்தவள் பெயரை ஆசிரியர் இடத்தில் போட்டேன். இப்போது மூன்றும் போயிற்று, அவள் பெயரும் போயிற்று. தேயிலைச் செடி பரவாயில்லை, அதற்காவது ஓர் எண் இருந்தது.

போன மழைக்காலத்தில் கூடலூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். இதே விஷயம்தான் தேடினார். எனக்குத் தெரிந்ததால் எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு, 'சார், இது எங்க அம்மாச்சி சொன்ன மாதிரியே இருக்கு' என்றார். அடுத்த வருடம் நான் ஓய்வு பெறுகிறேன். அப்புறம் வருகிறவருக்கு யார் எடுத்துக் கொடுப்பது? கணினியில் 'மண்டபம்' என்று அடித்தால் கல்யாண மண்டபம்தான் வரும்.

சரி, குழுவில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கும் வருகிறேன். 'ஐஎஸ்பிஎன் இல்லையே அண்ணே' என்று ஒருவர். புத்தகங்களுக்குக் கொடுக்கும் அந்த எண் உலகத் தரமாக வந்ததே 1970இல். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் புத்தகம் இல்லையா? 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கியபோது எந்த எண்ணைக் காட்டினார்? 1980களில் நம் ஊட்டியிலிருந்தே கவிஞர் பிரம்மராஜன் 'மீட்சி' சிற்றிதழை நடத்தினார். கோட்டையூர் ரோஜா முத்தையா நோட்டீஸ், அழைப்பிதழைக்கூட விடாமல் சேர்த்தார். 1994இல் அவர் தொகுப்பை வைத்துத்தான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரி நூலகத்தில் ஜைன்களைத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறார்கள். அவர்களுக்கு வேலை இல்லையா என்ன?

'ஆள் இல்லை' என்றால் ஒப்புக்கொள்கிறேன். உண்மையிலேயே இல்லை. ஆனால் இந்த வேலை ஏற்கெனவே முடிந்த வேலை ஐயா. முடிந்ததை அழிப்பதற்கு மட்டும் ஆள் கிடைத்தது.

இடமில்லை என்றவருக்குப் பதில் கிடையாது. ஒரு பெட்டி.

இந்த மலை ஈரத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மழைக்கால சாயங்காலங்களில் மொட்டைக் கத்தியால் பின்னை நெம்பி எடுத்து, பருத்தி நூலால் தைத்திருக்கிறேன். 'வீட்ல ஒரு பட்டன் தைக்க ஊசி எடுக்காத மனுஷன்' என்று என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள். யாரும் தைக்கச் சொல்லவில்லை, தெரியும். பாராட்டும் கேட்கவில்லை. எமோஜி போடாமல் இருந்திருக்கலாம்.

இன்னொருவர் தனியாக மெசேஜ் அனுப்பி, நான் 'ஒரு தரப்புக்காக' பேசுவதாகச் சொல்கிறார். எந்தத் தரப்பு என்று எழுதும் தைரியம் இல்லை. அதே பெட்டியில் படுகப் பையன்கள் தொகுத்த பாட்டுப் புத்தகம் இருக்கிறது, தோடர் பிள்ளைகள் எருமை மேய்ச்சல் நிலம் சுருங்கியதைப் பற்றி வரைந்தது இருக்கிறது. எருமைப் புத்தகத்தை ஒரு காலத்தில் 'பழங்குடியினர் – சடங்குகள்' என்று வைத்திருந்தார்கள். அதில் சடங்கு ஒரு வரி இல்லை, முழுக்க நிலம். இவர்கள் எதை எழுதினாலும் சடங்கு, நாம் எழுதினால் இலக்கியம், அப்படித்தானே? கேட்டால் நான் தரப்பு பார்க்கிறேனாம்.

ஆகஸ்ட் 12, நூலகர் தினம் வந்தால், இந்திய நூலகத் துறையின் முன்னோடி ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுவோம். நானும் போடுவேன், வடையும் உண்டு. 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். மேடையில் அதைச் சொல்லாதவர் கிடையாது. எமோஜி போட்டவர்களில் இருவர் போன வருடம் அதே மேடையில்தான் இருந்தார்கள்.

பழைய பதிவுகளின் அட்டைகளை நான் தூக்கிப் போடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றப் போகிறேன். ஏற்றக் கூடாது என்றால் குழுவில் சிரிக்க வேண்டாம், எழுத்து மூலமாக உத்தரவு கொடுங்கள். அதற்கும் ஒரு பொருள் தலைப்பு போட்டுப் பெட்டியிலேயே வைக்கிறேன்.