ஃபீஸ் வாங்கும்போது ஒரு சட்டம், படித்து முடித்ததும் வேறு சட்டம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு காலேஜில் இரண்டு வருட டிப்ளமோ படித்தேன். பாடம் ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம், குரூப் புராஜெக்ட்டில் போட்ட சண்டைகூட ஆங்கிலத்தில்தான். எல்லாம் பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கியாச்சு. படிப்புக்குப் பிந்தைய வேலை பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், உனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபி என்கிறது கனடா குடிவரவுத் துறை. 2024 நவம்பர் 1 முதல் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் இந்த விதி. நான் வந்தது 2023 செப்டம்பரில். அப்போது இப்படி ஒரு நிபந்தனையே கிடையாது.

சரி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ஏற்கெனவே எழுதியதுதானே என்று பழைய ஸ்கோர் ஷீட்டைத் தேடி எடுத்தேன். அது செல்லாதாம். மாணவர் விசாவுக்காக எழுதியது அகாடமிக் வகை, இதற்கு ஜெனரல் டிரெயினிங் வகை வேண்டும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், காலேஜ் டிப்ளமோ முடித்தவர்களிடம் அவர்கள் கேட்பது சிஎல்பி 5, அதாவது கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் ஐந்தாம் நிலை. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே நான் காட்டிய மதிப்பெண்ணைவிட அது குறைந்த நிலை. அன்றைக்கே தாண்டிய உயரத்தை, இங்கேயே இரண்டு வருடம் படித்த பிறகு மறுபடி தாண்டிக் காட்ட வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட முந்நூறு டாலர். அந்த மாதம் வாடகை போக என் கையில் இருந்ததே அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரை, எத்தனை பேரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை. 2023 முடிவில் கனடாவில் மாணவர் பெர்மிட் வைத்திருந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். டொரன்டோ பக்கத்து பிராம்ப்டனில் ஒரே பேஸ்மென்ட்டில் மெத்தை போட்டு அடைந்து கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைக்க வேண்டுமா, குறைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு எவ்வளவு கடுமையான விதி வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, பாதி வழியில் இந்த பஸ் அந்த ஊருக்குப் போகாது என்றால் எப்படி?

என் சித்தப்பா மகனின் கதையைக் கேளுங்கள். அவன் 2024 மே மாதம் சேர்வதாக இருந்தது. மாணவர் கணக்கில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் பல வருடங்களாக 10,000 டாலர். நம் பணத்தில் ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். ஃபீஸுக்கு நிலத்தை விற்றாகிவிட்டது, இந்த ஆறு லட்சத்துக்கு மட்டும் வங்கியில் கல்விக் கடன் பேசி வைத்திருந்தார் சித்தப்பா. 2023 டிசம்பர் 7-ஆம் தேதி அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் அறிவிக்கிறார், ஜனவரி 1 முதல் 20,635 டாலர் என்று. இரண்டு மடங்குக்கும் மேல், நான்கு வாரம்கூட அவகாசம் இல்லை. பன்னிரண்டரை லட்சம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள் என்பது இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும். வீடு அப்பத்தா பேரில் இருந்தது. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பீனியன் என்று சித்தப்பா தாலுகா ஆபீசுக்கும் சப்-ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் அலைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த இடி.

ஜனவரி 22-ஆம் தேதி மாணவர் பெர்மிட்டுகளுக்கு உச்சவரம்பு அறிவித்தார்கள். மாகாண அரசின் சான்றுக் கடிதம் இல்லாமல் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். அன்றே அமல். அந்தக் கடிதத்தைக் கொடுக்க பெரும்பாலான மாகாணங்களில் அன்றைக்கு எந்த ஏற்பாடும் கிடையாது, மார்ச் 31 வரை அவர்களுக்குக் கெடு. அதாவது மாகாணத்துக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு, மாணவனுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. மே போச்சு. செப்டம்பருக்குக் காலேஜின் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்றார்கள். அடுத்த ஜனவரிக்குத் தள்ளினான்.

நவம்பர் 8-ஆம் தேதி, இந்திய மாணவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்த விரைவு வழியான எஸ்டிஎஸ்ஸை மூடினார்கள். அறிவிப்பும் அன்றே, அமலும் அன்றே, ஒட்டாவா நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு. எஸ்டிஎஸ்ஸில் போக வேண்டுமென்றால் முதல் வருட ஃபீஸை முழுதாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவன் கதி? அதே மாதம் முதல் தேதியிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புதிதாக விண்ணப்பிக்கிறவர் காலேஜ் டிப்ளமோவுக்குப் போனால், படிக்கும் துறை அவர்கள் போட்ட பட்டியலில் இருந்தால்தான் பிறகு வேலை பெர்மிட். இவன் பணம் கட்டியிருந்தது ஹோட்டல் மேனேஜ்மென்ட்டுக்கு. பட்டியலில் அதற்கு இடமில்லை.

அந்தப் பட்டியலாவது நிலையாக இருக்கிறதா? 2025 ஜூன் 25-ஆம் தேதி 119 துறைகளைச் சேர்த்து 178 துறைகளை எடுத்தார்கள். ஜூலை தொடக்கத்திலேயே, எடுத்ததெல்லாம் 2026 தொடக்கம் வரை இருக்கட்டும் என்று திரும்ப வைத்தார்கள். மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குச் சான்றுக் கடிதம் 2024-ல் வேண்டாம், 2025-ல் வேண்டும், 2026-ல் அரசுக் கல்வி நிறுவனம் என்றால் மறுபடியும் வேண்டாம். இதை நம்பி ஒரு குடும்பம் எப்படிப் பத்திரத்தை அடகு வைக்கும்?

வேலை நேரமும் அப்படித்தான். வாரம் 20 மணி நேரம் என்று இருந்ததை 2022 நவம்பரில் எடுத்துவிட்டார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் வேலை செய் என்று. கடைகளுக்கு ஆள் பற்றாக்குறை, அப்போது நாங்கள் தேவைப்பட்டோம். 2024 ஏப்ரல் 30-ஓடு அது முடிந்து மறுபடியும் 20. நவம்பரில் 24. அந்த வருமானத்தைக் கணக்குப் போட்டு வாடகைக்கு ஒப்பந்தம் போட்டவர்களைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

இனி என் விஷயம். என் வீட்டுக்காரர் பட்டுக்கோட்டையில் இருக்கிறார். ஐடிஐ முடித்த எலக்ட்ரீசியன். நான் முதலில் போய்ச் செட்டில் ஆவது, அப்புறம் அவர் துணைக்கான வேலை பெர்மிட்டில் வருவது, இதுதான் நாங்கள் பேசி வைத்தது. கன்சல்டன்சிக்காரர் சொன்னது மட்டும் கிடையாது, அரசாங்கத்தின் இணையதளத்திலேயே அப்போது அப்படித்தான் இருந்தது. நகையை வைத்துக் கிளம்பினேன். 2024 மார்ச் 19-லிருந்து, மாஸ்டர்ஸ், டாக்டரேட், இன்னும் சில தொழிற்படிப்புகள் படிப்பவர்களின் துணைக்கு மட்டும்தான் என்று மாற்றிவிட்டார்கள். காலேஜ் மாணவர்களுக்குக் கிடையாது.

பரவாயில்லை, படிப்பை முடித்து வேலைக்குப் போனால் வேலை பார்ப்பவரின் துணை என்று கூப்பிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். 2023-ல் இதே கனடாதான், நீங்கள் பார்ப்பது எந்த நிலை வேலையாக இருந்தாலும் துணைக்குப் பெர்மிட் உண்டு என்று விரித்துக் கொடுத்தது. கடைசி செமஸ்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, 2025 ஜனவரி 21-ஆம் தேதி, அதையும் சுருக்கிவிட்டார்கள். உயர்நிலை வேலைகளும், ஆள் பற்றாக்குறை உள்ள குறிப்பிட்ட சில துறைகளும் மட்டும்தான். நான் பார்க்கும் கணக்கு எழுதும் வேலை அதில் வராது. விசிட்டர் விசா போட்டுப் பார்த்தோம். திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை என்று நிராகரித்தார்கள். மனைவி இங்கே இருப்பதையே அதற்குக் காரணமாக எழுதியிருந்தார்கள். எலக்ட்ரீசியன் பற்றாக்குறை என்று இந்த நாட்டுச் செய்தியில் அடிக்கடி சொல்கிறார்கள். ஒரு எலக்ட்ரீசியன் பட்டுக்கோட்டையில் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்திருக்கிறார். மாமியார் பின்னாலிருந்து, "எப்பத்தான் கூப்பிட்டுக்கப் போறே?" என்கிறார். இரண்டு தடவை சட்டம் மாறியது என்று அவருக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்? இவளுக்கு மனசில்லை என்றுதான் அவர் நினைக்கிறார்.

இத்தனைக்கும் எங்களை இங்கே வரவழைத்தது யார்? ஒன்டாரியோ அரசு 2019-ல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று உறைய வைத்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது எங்கள் பணம். 2021-ல் மாகாணத்தின் ஆடிட்டர் ஜெனரல் அறிக்கையிலேயே இருக்கிறது: அரசு காலேஜ்களில் வெளிநாட்டு மாணவர்கள் 30 சதவீதம், கட்டண வருமானத்தில் அவர்கள் பங்கு 68 சதவீதம். என் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாடம் படித்த உள்ளூர்ப் பெண் கட்டியதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நான் கட்டினேன். நாங்கள் குறைந்ததும் ஷெரிடன் காலேஜ் 40 படிப்புகளிலும், நம் ஆட்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் இருக்கும் சென்டெனியல் காலேஜ் 49 படிப்புகளிலும் சேர்க்கையை நிறுத்தின. யார் காசில் இவை ஓடிக்கொண்டிருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

டிப்ளமோவை அடித்துத் தள்ளும் காலேஜ்களை, காசுக்காக நாய்க்குட்டிகளைப் பெருக்கும் பண்ணைகளோடு ஒப்பிட்டார் மில்லர். அந்த இடங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது மாகாண அரசு. அங்கே போகப் பெர்மிட் கொடுத்தது அவருடைய துறை. கமிஷன் வாங்கி ஆள் பிடித்தது ஏஜென்ட். இவர்களில் ஒருவராவது எங்களுக்கு ஒரு ரூபாய் திருப்பித் தந்தார்களா? வீடு கிடைக்காததற்கும் வாடகை ஏறியதற்கும் மட்டும் நாங்கள் காரணம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பித்த நாளில் என்ன விதி இருந்ததோ, அது அந்த மாணவருக்குக் கடைசிவரை செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். துறைப் பட்டியல் விஷயத்தில், 2024 நவம்பர் 1-க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு அது பொருந்தாது என்று விட்டீர்கள். உங்களால் முடிகிறது. அப்படியானால் துணைக்கான பெர்மிட்டுக்கும் அதையே செய்யுங்கள். 2024 மார்ச் 19-க்கு முன்பே இங்கே படிக்க வந்துவிட்டவர்களின் கணவன், மனைவிக்காவது பழைய விதிப்படி விண்ணப்பிக்க வழி விடுங்கள்.