ஏழு வருட மெசேஜ்

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். கணக்குப் பிரிவில் இருந்தவர். எல்லோரும் குரூப்பில் 'ஆல் தி பெஸ்ட்' போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகப் போடலாமே என்று அவர் பெயரைத் தேடிப் பழைய உரையாடலைத் திறந்தேன், ஏதோ தோன்றி கொஞ்சம் மேலே தள்ளினேன், அப்புறம் நிறுத்த முடியவில்லை. 'அந்த பில் பாஸ் ஆயிடுச்சா?' 'கொஞ்சம் அவசரம்.' 'இன்னிக்கே முடியுமா?' 'அந்த ஷீட்டை மறுபடி அனுப்புங்க, என்னோடது காணோம்.' ஏழு வருடமும் இதேதான். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டிருக்கிறார். ஒரு தடவை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஷீட் அனுப்பியிருக்கிறார், அதற்கு நான் போட்டிருப்பது ஒரு கட்டைவிரல்.

நான் நன்றிகெட்டவன் இல்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் நேரமில்லை என்பேன், அது பொய்யும் இல்லை. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேச்சு கொடுக்க அடுத்த கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள், சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதை, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் கதை. போகிற வழியில் ஒரு ஆள் குனிந்து சுருண்டு இருமிக்கொண்டிருப்பான், அவனும் சோதனையில் ஒரு பகுதி. 'லேட் ஆயிடுச்சு, ஓடுங்க' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம். பேசப் போன தலைப்பு பெரிதாக எதையும் மாற்றவில்லை. எனக்கு இது ஆறுதலாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் வேலையே நாள் முழுக்க 'லேட் ஆயிடுச்சு, ஓடு'தான்.

சொல்வதேயில்லை என்றும் இல்லை. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'ஒத்துழைப்புக்கு நன்றி' இருக்கிறது, அதைச் சொல்லாகவே யாரும் படிப்பதில்லை, முற்றுப்புள்ளி மாதிரி. அதைவிட மோசம் 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்'. அது நன்றியே இல்லை, மிரட்டல்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆடம் கிரான்ட், ஃப்ரான்செஸ்கா ஜினோ 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு நிதி கேட்டு ஃபோன் செய்யும் ஊழியர்களில் ஒரு பாதியிடம் இயக்குநர் நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு மிகவும் நன்றி என்று சொன்னார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் 50 சதவீதத்துக்கு மேல் கூடின, மற்ற பாதியில் மாற்றமில்லை. இதைப் படித்ததும் ஒரு மேனேஜருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்: ஆஹா, செலவே இல்லாத எரிபொருள்! அவர்கள் நிலையான சம்பளத்தில் இருந்தவர்கள், எத்தனை ஃபோன் போட்டாலும் அதே காசுதான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள் சார். இன்கிரிமென்ட் கேட்டவனுக்கு 'நீங்கதான் எங்க குடும்பம்' என்று கைதட்டல் கொடுத்து அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன், வாங்கிக்கொண்டும் வந்திருக்கிறேன்.

சரி, சக ஊழியரிடம் சொல்ல என்ன தடை? கூச்சம்தான். தமிழில் நேருக்கு நேர் 'நன்றி' என்றால் மைக் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது, 'தேங்க்ஸ்' என்றால் லேசாகிப் போகிறது. இந்தக் கூச்சத்தையும் அளந்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குகிறவர் நெளிவார் என்று அளவுக்கு மீறி நினைத்தார்கள், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்துப் போட்டார்கள். எழுதுகிறவருக்கு வார்த்தை சரியாக வருமா என்பது கவலை, வாங்குகிறவருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

இதெல்லாம் தெரிந்த நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் கூப்பிட்டேன். எடுத்ததும் அவர் கேட்டது: "சொல்லுங்க சார், எந்த பில்லு?"

பில் இல்லை சார் என்றேன். அந்த பதினொன்றே முக்கால் ஷீட்டைச் சொன்னேன், அது வராமல் இருந்திருந்தால் மறுநாள் காலை மீட்டிங்கில் என் மானம் போயிருக்கும், அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றேன். சொல்லும்போதே குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது, வேகமாக முடித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தார். "அன்னிக்கு பாப்பாவுக்குக் காய்ச்சல் சார். மடியில போட்டுக்கிட்டேதான் அனுப்பினேன்."

"அய்யோ, இப்போ எப்படி இருக்கா?"

"சார், அது ஆச்சு நாலு வருஷம். இப்போ ஸ்கூல் போறா."