அசனத்துக்கு மாடி எதற்கு?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் பொதுவிருந்தான அசனத்தில் நடந்ததை நேரில் கண்டவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. கீழே ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றுகொண்டிருக்க, பள்ளிக்கூட மாடியில் மேசை விரித்து, மின்விசிறி போட்டு, சிலருக்கு மட்டும் தனியாகப் பரிமாறியது பட்சபாதம். ‘விருந்தினர் ஏற்பாடு’ என்று கமிட்டியார் அழைத்தாலும் அது பட்சபாதம்தான்.

அசனம் என்றால் என்ன என்று நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அடுப்பில் வெந்த சோற்றைச் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உண்பதற்குத்தான் அந்தப் பெயர். இம்முறையும் ஒரே அண்டாவில்தான் குழம்பு கொதித்தது. ஆனால் மாடிக்குப் போகும் வாளி வந்தபோது கரண்டி அண்டாவின் அடிவரை போனது. பந்திக்கான வாளிக்கு மேலோடு மொண்டு ஊற்றினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“வயதானவர்கள் தரையில் உட்கார முடியாதே” என்கிறார்கள். நியாயம்தான். அப்படியானால் எழுபதைத் தாண்டிய என் அம்மா, முழங்கால் வலியோடு, ஏன் வரிசையில் நின்றார்? மாடியில் இருந்தவர்களில் பாதிப்பேர் என்னைவிட இளையவர்கள்.

“கோயில் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர்களைக் கனம்பண்ண வேண்டாமா?” தாராளமாகச் செய்யுங்கள், கல்வெட்டில்தான் பெயர் இருக்கிறதே. என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைப்பார். ரேஷன் அரிசியில் வீடு ஓடிய காலத்திலும் அந்தப் பானை வெறுமையாகக் கோயிலுக்குப் போனதில்லை. அதற்கு யாரும் கல்வெட்டு வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பணக்காரர் மேல் எனக்குப் பொறாமை என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: ஏழைக்கும் முகதாட்சணியம் காட்டாதே என்கிறது லேவியராகமம் 19:15. நான் கேட்பது சலுகையே அல்ல.

“சபைக் காரியத்தை வெளியே பேசலாமா?” என்பதுதான் அதிகம் வந்த கேள்வி, அதுவும் கர்த்தருக்குள் அன்பான குரலில். தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் அறிக்கையிட்ட அதே பேதுரு, அந்தியோகியாவில் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். அதுவும் பந்தி விவகாரம்தான். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார், எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார், பின்பு அதைக் கலாத்தியருக்கு எழுதியும் வைத்தார். கொரிந்து சபையிலோ ஒருவன் பசியாயிருக்க மற்றவன் வெறிகொள்ளும் அளவுக்குப் போனது. அதற்கும் கடிதம் போனது. இன்றைக்குப் பவுல் இருந்திருந்தால் நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியிருப்பார்கள்.

வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக நின்ற சுவரை 1910-இல் இடித்தார்கள். அதைச் சொல்லி நாம் எத்தனை முறை பெருமூச்சு விட்டிருப்போம்! சுவரை இடிக்கலாம், மாடிப்படியை என்ன செய்வது? யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று அங்கே ஒருவர் பட்டியலோடு நின்றாரே, அந்தப் பட்டியலை எழுதிய கைதான் அடுத்த வாரம் திருவிருந்து மேசையையும் ஒழுங்குபண்ணப் போகிறது.

நேற்றிரவு கமிட்டியார் ஒருவர் என்னை அழைத்தார். வருத்தம் தெரிவிப்பார் என்று நினைத்தேன். “முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் அம்மாவுக்கும் மாடியில் ஓர் இடம் போட்டிருப்போமே” என்றார்.